‘பகிர்வுகளை நீக்கவா?’ என்று கேட்டது லினக்ஸ்

இரண்டு வாரத்துக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், எதிர்வீட்டு எபினேசரின் வேலையைக் கிட்டத்தட்ட அழித்துவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. நானும் மரியாதையாக ‘ஆம்’ என்று சொன்னேன்.

இப்படி ஒரு காரியம் செய்ய முன்விரோதம் எதுவும் தேவையில்லை. கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடப் போகிறோம் என்கிற உற்சாகம் இருந்தால் போதும்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் லேப்டாப்புக்குப் பத்து வயது. அதில் இருந்தது விண்டோஸ். சில மாதங்களாகத் திறக்கும்போதெல்லாம் ஒரு செய்தி — புதிய பதிப்பை ஏற்றிக்கொள்ள உங்கள் கணினிக்குத் தகுதி இல்லை. தினமும் காலையில் காபிக்கு முன்னால் இதைப் படித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதே மாதிரி வாக்கியங்களை நானே நிறையப் பேருக்கு டைப் செய்து கொடுத்திருக்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் இருபது வருஷம் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். யார் லேட், யார் லீவு, யாருக்கு மெமோ... எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும்.

வேலையை விட்டேன். விரல் விடவில்லை. எங்கள் தெருவில் யாருக்காவது கம்பெனியில் மெமோ வந்தால், பதில் கடிதம் என் வீட்டில்தான் டைப் ஆகும். முன்பு மெமோ அடித்த கை இப்போது பதில் அடிக்கிறது. இரண்டு பக்கத்து ஆட்டமும் தெரிந்தவள் என்று தெருவில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. நான் அதைக் கெடுத்துக்கொள்ளாமல் காப்பாற்றி வந்தேன்.

என்னிடம் மாதிரிக் கடிதங்கள் இருந்தன. லேட்டாகப் போனதற்கு ஒன்று. சொல்லாமல் லீவு போட்டதற்கு ஒன்று. சூப்பர்வைசரிடம் குரலை உயர்த்தியதற்கு மூன்று — அதற்குத்தான் தேவை அதிகம். பெயர், எம்ப்ளாயி நம்பர், தேதி மூன்றையும் மாற்றினால் கடிதம் தயார். வந்தவர் டீ குடித்து முடிப்பதற்குள் கையில் கொடுத்துவிடுவேன்.

எபினேசர் வந்தது அந்த வாரம் வியாழக்கிழமை காலையில். தெருவுக்கு அவர் எபி. முப்பத்தெட்டு வயது, இரண்டு பெண் குழந்தைகள். அப்பாவும் அம்மாவும் கவரைப்பேட்டைப் பக்கம் நாற்று நட்டவர்கள். குடும்பத்தில் முதன்முதலாக கம்பெனி யூனிஃபார்ம் போட்டவர் இவர்தான். பிரஸ் ஆபரேட்டர். இரும்புத் தகட்டை மெஷினில் வைத்து, அழுத்தி, வடிவம் எடுக்கிற வேலை. முந்தின நாள் அந்த மெஷினில் இருந்த அச்சு உடைந்துவிட்டது. லைன் ஒரு நாள் முழுக்க நின்றது.

மெமோவைக் கொடுத்தார். உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும், அதுவரை பணிக்கு வர வேண்டாம். படித்தேன். நல்ல டைப்பிங்.

“அக்கா, நீங்க எழுதினா கரெக்டா இருக்கும்க்கா. இந்த வேலையும் போச்சின்னா பசங்க ஸ்கூலு, லோனு... ஒரே பேஜாரா பூடும்” என்றார்.

“ஒண்ணும் ஆவாது எபி. நம்பர் சொல்லு” என்றேன்.

நம்பர் சொன்னார். தேதி சொன்னார். நான் மாதிரியை எடுத்தேன். அவர் டீ குடித்தார்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் தமிழ் டைப் செய்வது பழைய டைப்ரைட்டர் முறையில், ஒரு பழைய எழுத்துருவில். அந்த எழுத்துரு உள்ளுக்குள் வெறும் ஆங்கில எழுத்துதான்; மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கும். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டருக்குப் போனால் சட்டை கழன்றுவிடும்.

அன்றைக்கும் அதுதான் நடந்தது. கடிதத்தை அப்படியே மெயிலில் ஒட்டி, பிரிண்ட் எடுக்கச் சொல்லி பஜாரில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கடைக்காரர் போன் செய்தார்.

“இன்னாக்கா, இங்கிலீஷ்ல திட்டி அனுப்சிருக்கீங்க?”

சரி, சனிக்கிழமை காலையில் பென்டிரைவில் எழுத்துருவோடு கொண்டுவருகிறேன் என்று சொல்லி, கடிதத்தைப் பென்டிரைவில் ஏற்றி வைத்தேன். லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று. ஜாக்கிரதையான பெண்மணி.

வெள்ளிக்கிழமை. கையில் வேலை இல்லை. பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் போட்டால் பறக்கும் என்று ஏழு வீடியோ பார்த்திருந்தேன். ஏழிலும் ஒரே மாதிரி ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார் — ரொம்ப ஈஸி.

என் வீட்டுக்காரர் ரோலிங் மில்லில் ஃபிட்டர். அவருடைய தொழில் தர்மம் ஒன்றே ஒன்றுதான்.

“ஓடிக்கினு இருக்கிற மோட்டார எதுக்கு கழட்டற?” என்றார்.

“தகுதி இல்லைன்னு சொல்லுது.”

“என்னியுந்தான் சொன்னாங்க. நான் இன்னும் போய்க்கினுதான கீறேன்?” என்று சொல்லிவிட்டு, நைட் ஷிஃப்டு இருந்ததால் படுக்கப் போய்விட்டார்.

லினக்ஸை ஏற்ற முதலில் ஒரு பென்டிரைவ் வேண்டும். வீட்டில் இருந்தது ஒன்று. ‘இதில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்’ என்று எச்சரிக்கை வந்தது. பரவாயில்லை, எல்லாமே லேப்டாப்பில் இருக்கிறதே என்று அழித்தேன். இந்த யோசனையில் தப்பு ஏதாவது இருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. இப்போதும்கூட, தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது.

லினக்ஸ் வந்தது. முதல் கேள்வி — எந்த மொழி? பட்டியலில் தமிழ் இருந்தது. அழகாக இருந்தது. பெரிய பெரிய கம்பெனிகளுக்கு நாம் கண்ணிலேயே படாதபோது, யாரோ சிலர் சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனையும் தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். நெஞ்சு நிறைந்துவிட்டது. தமிழைத் தேர்ந்தெடுத்தேன். இதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

அடுத்த திரையில் ஒரு தேர்வு — ‘முழு வட்டையும் அழித்து நிறுவு’. நான் என்ன முட்டாளா? அதைத் தொடவே இல்லை. கீழே ‘வேறு ஏதேனும்’ என்று ஒன்று அடக்கமாக இருந்தது. நமக்கு எப்போதும் அடக்கமானதுதான் பிடிக்கும். அதைத் தொட்டேன்.

ஒரு பட்டியல் விரிந்தது. தலைப்பில் ‘பகிர்வுகள்’. கீழே நாலு வரி.

பகிர்வு என்றால் என்ன? உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் பூ படம் போட்டுக் காலை வணக்கம் வருகிறதே, அதைப் பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகிறோமே, அதுதானே பகிர்வு? என் லேப்டாப்பில் இருப்பதை நாலு இடத்துக்குப் பகிர்ந்துவைத்திருக்கிறதா இந்த விண்டோஸ்? எனக்குத் தெரியாமலா? ஊர்க்காரர்களின் மன்னிப்புக் கடிதமெல்லாம் இதில் இருக்கிறதே...

ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தேன். ‘பகிர்வை நீக்கு’. இனிமேல் யாருக்கும் எதையும் பகிர வேண்டாம்.

‘பகிர்வுகளை நீக்கவா?’ என்று கடைசியாக ஒருமுறை கேட்டது. ஆம்.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். டிஸ்க்கை சி, டி என்று அறை அறையாகப் பிரித்து வைத்திருக்கிறோமே, அந்த ஒவ்வொரு அறைக்கும் கணினித் தமிழில் பகிர்வு என்று பெயராம். பங்கிட்டுப் பிரித்தது என்ற பொருளில் வைத்திருக்கிறார்கள். தமிழ்ப்படி குற்றமே இல்லாத வார்த்தை. ஆங்கிலத்தில் போட்டிருந்தால் புரியாமல் பயந்து கையை எடுத்திருப்பேன். தமிழில் இருந்ததால் நன்றாகப் புரிந்தது. புரிந்ததுதான் பிரச்னை.

அரை மணி நேரத்தில் லினக்ஸ் ஏறிவிட்டது. உண்மையாகவே பறந்தது. முன்பு லேப்டாப்பைத் திறந்துவிட்டுச் சாதத்துக்கு அரிசி களைந்துவிட்டு வருவேன். இப்போது மூடியைத் தூக்குவதற்குள் வந்து நிற்கிறது. கறுப்புப் பெட்டி ஒன்றில் பாஸ்வேர்டு கேட்டது. அடித்தால் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. கீபோர்டு போய்விட்டது என்று நினைத்து மூன்று முறை அடித்தேன். அது அப்படித்தானாம். காட்டிக்கொள்ளாதாம். அந்தக் குணம் எனக்குப் பிடித்தது.

சாயங்காலம் வரை வால்பேப்பர் மாற்றினேன். காய்கறிக்காரரிடம் லினக்ஸ் பற்றிச் சொன்னேன். மாடிவீட்டு டீச்சரிடம் சொன்னேன். புதிதாக மதம் மாறியவர்களின் வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்பார்களே, அந்த நிலைமை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு. ஒன்பதிலிருந்து ஐந்து. முந்தின நாள் பேப்பரிலேயே போட்டிருந்தார்களாம். நான்தான் வால்பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேனே.

ஒன்பதரைக்கு எபி வந்தார். துவைத்துத் தேய்த்த சட்டை, சட்டைப் பையில் பேனா. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறார்.

“கொடுத்திரலாம். பென்டிரைவ்லதான் இருக்கு...” என்று ஆரம்பித்தேன். வாக்கியத்தை முடிக்கவில்லை.

லேப்டாப்பைத் திறந்தேன். பத்து வருஷப் பாட்டரி, பத்து நிமிடம் தாங்கும். சி டிரைவைத் தேடினேன், இல்லை. டி டிரைவைத் தேடினேன், இல்லை. ‘இல்லம்’ என்று ஒன்று இருந்தது. திறந்தேன். உள்ளே ஆவணங்கள், படங்கள், இசை என்று அழகழகான பெட்டிகள். எல்லாம் காலி.

“இல்லம் காலியா இருக்கு” என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நைட் ஷிஃப்டு முடித்துவிட்டு வந்து காபி குடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “ஊடு காலியா? உள்ள இருந்ததெல்லாம் எங்க போச்சு?”

“பகிர்வை நீக்கிட்டேன்.”

அவர் காபியை வைத்துவிட்டு எபியைப் பார்த்தார். எபி என்னைப் பார்த்தார். எபியின் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இந்த அக்கா எப்படியும் ஏதாவது செய்துவிடுவாள் என்று நம்பிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது இருக்கிறதே... பாட்டரி பொசுக்கென்று அணைந்தது.

மறுபடி எழுதிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். வெள்ளைத்தாளை எடுத்து வைத்தேன். ‘பொருள்’ என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. என் கடிதங்களில் என்ன இருக்கும் என்று எனக்கே தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. அவை மாதிரியில் இருக்கும், நான் நம்பர் மாற்றுவேன், அவ்வளவுதான்.

அப்போதுதான் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிய மெயில் ஞாபகம் வந்தது. போனில் திறந்தேன். இருந்தது. சட்டை கழன்ற நிலையில்.

kjpg;gpw;Fhpa Iah...

“இது இன்னாக்கா?” என்றார் எபி.

“உன் லெட்டர்தான்.”

அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இதைத் தமிழாக்க இணையத்தில் எழுத்துரு மாற்றி என்று ஒன்று இருக்கிறது, ஒட்டினால் ஒரு நொடியில் மாறிவிடும் என்று இந்நேரம் சில வாசகர்கள் கடிதம் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். இருக்கிறது. எனக்கு அது திங்கட்கிழமைதான் தெரிந்தது. சனிக்கிழமைக்குத் திங்கட்கிழமை உதவாது.

அந்த எழுத்துகளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேஜைமேல் இருந்த என் விரல்கள் தானாக அசைந்தன. k. வலது கை நடுவிரல். ம. பக்கத்தில் j, ஆள்காட்டி விரல். த. சுண்டுவிரல் மேலே ஏறி p, ஒரு கொக்கி. தி. மதி... மதிப்... மதிப்பிற்குரிய ஐயா.

பத்தொன்பது வயதில், பொன்னேரி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில், யளனக யளனக என்று பக்கம் பக்கமாக அடித்தபோது இதெல்லாம் எதற்கு என்று சலித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது கண்ணுக்கு இங்கிலீஷாகத் தெரிந்தது. விரலுக்குத் தமிழாகத் தெரிந்தது.

“எபி, உக்காரு. பேனாவ எடு. நான் சொல்லச் சொல்ல எழுது.”

போனைச் சாம்பார்ப் பொடி டப்பாவில் சாய்த்து வைத்தேன். இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து, இல்லாத கீபோர்டில் அடிக்க ஆரம்பித்தேன். விரல் அடிக்கும், வாய் சொல்லும், எபி எழுதுவார். வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நாஷ்டா ஆச்சா உனக்கு?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு வரிக்குப் பத்து நிமிடம் ஆனது. எபியும் மெதுவாகத்தான் எழுதினார். பள்ளிக்கூடம் விட்டபிறகு ஷிஃப்டு புக் தவிர வேறெதிலும் அவர் எழுதியதில்லை. ‘தங்கள் குறிப்பாணை கிடைக்கப்பெற்றேன்.’ எழுதினார். ‘மேற்படி தேதியில் மேற்படி இயந்திரத்தில்.’ எழுதினார். “மேற்படின்னா மேல இருந்து எறங்கற படியாக்கா?” என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்றேன்.

நாலாவது வரி. ftdf;FiwT.

“க... வ... ன... கவனக்... குறைவு. ‘எனது கவனக்குறைவால்’னு எழுது.”

பேனா நின்றுவிட்டது.

“எழுது எபி, மணி பத்தேமுக்கால் ஆவுது.”

“இன்னாக்கா வார்த்த அது?”

“கவனக்குறைவு.”

“அப்டின்னு நானே எழுதிக் குட்த்தா, நான் ஒத்துக்கினா மாதிரி ஆவாதா?”

“அது ஒரு மரியாதைக்குப் போடறதுப்பா. எல்லா லெட்டர்லயும் வரும்.”

எபி தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

“நான் கவனமாத்தான்க்கா இருந்தேன். தகடு சரியா உக்காரலன்னா மெஷின நிறுத்தறதுக்கு ஒரு சென்சார் கீது. அது செவ்வாக்கெழமையே வேல செய்யல. ஷிஃப்டு முடியசொல்லோ புக்குல எழுதிவெச்சி, சூப்பர்வைசராண்ட கையெழுத்தும் வாங்கினுதான் வந்தேன். புதங்கெழமை போய்ப் பாத்தா, சரி பண்ணியாச்சி, ஓட்டுன்னாங்க. ஓட்டினேன். அச்சு பூட்சு.”

மேஜையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டேன்.

“இதை ஏன் எபி வியாழக்கிழமையே சொல்லல?”

“நீங்க நம்பர்தானக்கா கேட்டீங்க.”

மெமோவை எடுத்து மறுபடி பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே இருந்தது — ‘தங்களது கவனக்குறைவால்’. என் பதிலிலும் அதே வார்த்தை. எங்கிருந்து வந்தது? என் மாதிரியிலிருந்து. மாதிரிக்கு எங்கிருந்து வந்தது? டைம் ஆபீஸிலிருந்து. இருபது வருஷம் மெமோவில் அடித்து அடித்துக் கைக்குப் பழகிப்போன வார்த்தை. பதிலிலும் அதுவாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. கம்பெனி ஒருவரைக் குற்றவாளி என்கிறது. நான் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல், ஆமாம் ஐயா என்று அவர் பெயரில் அழகாக டைப் செய்து கொடுக்கிறேன். அவர் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார், எனக்கு நன்றி வேறு சொல்கிறார். இப்படி எத்தனை பேர்? வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

படிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்துவது கம்ப்யூட்டரில் மட்டும் நடப்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குக் கம்ப்யூட்டரே தேவையில்லை.

போனைக் கவிழ்த்து வைத்தேன். புதுத் தாள் எடுத்தேன்.

“இப்ப எனக்குச் சொன்னியே, அதை அப்படியே எழுது.”

“இலக்கணமா வராதுக்கா.”

“வர வேண்டாம்.”

எழுதினார். ‘வேலை செய்யவில்லை’ என்ற இடத்தில் ‘இயங்கவில்லை’ என்று போடலாமே என்று என் நாக்கு துறுதுறுத்தது. சொல்லியும் பார்த்தேன். “இயங்கலன்னா அவுங்களுக்குப் புரியுமா?” என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை புக்கில் எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு எழுதினார், யார் கையெழுத்து... எல்லாம் ஞாபகமாக எழுதினார். எழுத எழுத முதுகு நிமிர்ந்து வந்தது. நான் செய்தது சென்சாருக்கு எழுத்து சொன்னதும், கடைசியில் முடிக்க இரண்டு வார்த்தை சொன்னதும்தான்.

பஜார் முழுக்கக் கரண்ட் இல்லை, ஜெராக்ஸ் எடுக்க முடியாது. பெற்றுக்கொண்டதாகச் சீல் போட்டு வாங்க இன்னொரு காப்பி வேண்டுமே? அதையும் கையாலேயே எழுதினார். இரண்டாவது தடவை வேகமாக எழுதினார்.

பதினொன்று இருபத்தைந்துக்கு வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். “ஏறு எபி” என்று வண்டியை உதைத்தார். இருவரும் போன பிறகு நான் அந்தக் காலி இல்லத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு ஐந்துக்குப் போன் வந்தது. பதினொன்று ஐம்பதுக்கு டைம் ஆபீஸில் கொடுத்து சீல் வாங்கியாகிவிட்டது. நான் அழுதேன். கரண்ட் இல்லாததால் வியர்வை என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

அடுத்த புதன்கிழமை எபியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஷிஃப்டு புக்கைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார்கள். அவர் எழுதிய இடத்தில் அவர் எழுதியது இருந்தது. வியாழக்கிழமை முதல் ஷிஃப்டுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மெமோவைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்களா? கொடுக்கவில்லை. அந்த மாதிரிக் கடிதம் என் இருபது வருஷத்தில் ஒன்றுகூட நான் அடித்ததில்லை.

லினக்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: நன்றாக இருக்கிறது. இதை அதில்தான் டைப் செய்கிறேன். தோண்டிப் பார்த்தால், அதிலேயே பழைய தமிழ் டைப்ரைட்டர் முறை என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். இப்போது அடிப்பது உள்ளேயும் தமிழ், வெளியேயும் தமிழ். நீங்களும் மாற நினைத்தால் தாராளமாக மாறுங்கள். இரண்டு காப்பியை இரண்டு வேறு வீட்டில் வைத்துவிட்டு மாறுங்கள். புரியாத வார்த்தைக்குப் பயப்பட வேண்டாம். நன்றாகப் புரிந்துவிட்ட வார்த்தையில் கொஞ்சம் நிதானியுங்கள்.

அழிந்த மாதிரிக் கடிதங்களை மீட்டுத் தர முடியும் என்று மாடிவீட்டு டீச்சருக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். இப்போது யாராவது மெமோவோடு வந்தால் நம்பர் கேட்பதில்லை. இன்னா நடந்தது என்று கேட்கிறேன். டீ மூன்று தடவை போட வேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராக எபி வந்தார். சீல் வைத்த காப்பியைக் கொண்டுவந்திருந்தார். உங்களிடமே இருக்கட்டும் என்றார். “யாருய்யா எழுதிக் குட்த்ததுன்னு மேனேஜர் கேட்டாருக்கா. நாந்தான் எழுதினேன்னு சொல்லிட்டேன். உங்க பேர சொல்லல, தப்பா நெனச்சிக்காதீங்க.”

அவர் போன பிறகு உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். ஒரு பக்கம். மூன்று இடத்தில் ஒற்றுப்பிழை. என்னுடையது என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். கடைசியில் ஒன்று இருந்தது, கையெழுத்துக்கு மேலே நான் சொல்லி அவர் எழுதிய இரண்டு வார்த்தை — ‘தங்கள் உண்மையுள்ள’.

இருபது வருஷமாக எல்லாக் கடிதத்துக்கும் கீழே அதை அடித்திருக்கிறேன். மேலே உண்மை இருந்தது இதில்தான்.